நாற்றை இழுத்தவன்

என் மருமகள் சீனத்துப் பெண். சுவிஸில் பாசல் நகரத்தில் ஒரு மருந்து ஆய்வுகூடத்தில் மகனோடு வேலை செய்கிறாள். எங்களோடு ஜெர்மன் மொழியில்தான் கதைப்பாள். மாமா, மாமி என்ற சொற்கள் மட்டும் தமிழ். போன கோடையில் அவள் எனக்கு ஒரு சீன மரபுத்தொடரைச் சொன்னாள். சொல்ல வைத்தவன் நான்தான்.

மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருந்தார்கள். துன் ஏரிக்கரையில் ரோலாட்டர் என்ற சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடப்பாள். அவசரம் வேண்டாமென்று நடைப்பயிற்சி தந்த பெண் சொல்லியிருந்தாள். அதற்குள் கோயில் தேர்த் திருவிழா வந்துவிட்டது. சுவிஸின் எல்லா மூலையிலிருந்தும் சனம் வரும் நாள். நடைவண்டியோடு அவளைப் பார்த்தால் பரிதாபப்படுவார்களே என்று கூச்சப்பட்டேன். அவளுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. ரோலாட்டரைக் காரிலேயே விட்டுவிட்டேன்.

"வடத்தைப் பிடிச்சுக்கொண்டு வாரும். கொஞ்சத் தூரம்தானே."

"இஞ்சேருங்கோ, கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை."

"கேக்கும், நடவும்."

வடம் ஒரு இழுப்பு இழுத்தது. அவள் புது மூட்டின் மேலேயே விழுந்தாள். மறுபடி ஆஸ்பத்திரி. பழையபடி நடப்பாளா என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை.

பார்க்க வந்த மருமகள் என்ன நடந்ததென்று கேட்டாள். கால் வழுக்கியதாகச் சொன்னேன். கட்டிலில் கிடந்த மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

மருமகள் தன் மொழியில் நாலே நாலு சொல் சொன்னாள். இழு, நாற்று, உதவு, வளர் என்று அர்த்தம். பழைய சீனாவில் சொங் என்ற நாட்டில் ஒரு விவசாயி இருந்தானாம். பயிர் வளரக் காணோமே என்று ஒவ்வொரு நாற்றாக மேலே இழுத்துவிட்டான். களைத்து வீட்டுக்குப் போய், நாற்று வளர இன்றைக்கு உதவி செய்தேன் என்றான். அவன் மகன் ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் வாடிக் கிடந்தன. பிள்ளைகளை ஓயாமல் டியூஷனுக்குத் துரத்தும் தாய்மாருக்கு இப்போது இதைச் சொல்வார்களாம்.

எனக்கு ரோஷம் வந்தது. "நாங்களும் மிளகாய்க் கன்றைப் பிடுங்கித்தானே நடுறம்?" என்றேன்.

மனைவி சிரித்தாள். "நீங்கள் எங்கை நட்டனீங்கள்? இழுத்துச் சனத்துக்கெல்லோ காட்டினனீங்கள்."

மருமகளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. நானே சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு, அந்தக் கதையை முதலில் சொன்ன பழைய சீன அறிஞர், பயன் இல்லையென்று களை எடுக்காமல் சும்மா இருப்பவனையும் கண்டித்தார் என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இப்போது சமையல் என்னுடையது. காலுக்கு ஒத்தடம் கொடுப்பதும் நான்தான். இன்று காலை மனைவி கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் புறப்பட்டாள். பாதியில் நின்றுவிட்டாள். கால் நடுங்கியது.

"பிடிக்கட்டோ?"

"வேண்டாம். அதிலையே நில்லுங்கோ."

நின்றேன்.