பன்னீர் பொம்மையின் வலது கை

1. மூக்கில் விழுந்த அடி

நான் செய்த முதல் பொம்மை, முதல் வேலையாக என் மூக்கில் அடித்தது. ரத்தம் வரவில்லை. ஆனால் உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அப்பா இந்த சர்வோ மோட்டார் வேலைக்கு எப்படி வந்தார் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்களோடு படிக்கும் பிள்ளைகளும் கேட்பதாகச் சொன்னீர்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் காரிமங்கலத்தில் எனக்கு சீரியல் லைட் வேலைதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் பண்டிகை எதுவானாலும் லைட் கட்டுவேன். பிக்சல் லைட் வந்த பிறகு ஒரு சின்ன போர்டில் புரோகிராம் ஏற்றவும் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன். லைட்டில் மயில் தோகை விரிக்கும், யானை நடக்கும். எல்லாம் வெளிச்சம்தான். நிஜமாக ஒரு பொருளை அசைத்ததில்லை.

தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் பச்சையம்மா அக்கா ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து என் லைட் கடை முன்னால் நின்றார். அவர் வீட்டுக்காரர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் கல்யாணம்.

"தம்பி, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்யாணத்துல வாசல்ல பொம்ம நின்னுகிட்டு பன்னீர் தெளிக்குது. நம்மூட்டு கல்யாணத்துக்கும் ஒண்ணு வேணும்."

"வாடகைக்கே கெடைக்குமேங்கக்கா?"

"கேட்டுட்டேன். அந்தத் தேதிக்கு அது வேற மண்டபத்துக்குப் போவுதாம். நீதான் லைட்டுல யானைய நடக்க வெக்கிறியே, ஒரு கைய ஆட்ட வெக்க மாட்டியா?"

"எதுக்குங்கக்கா பொம்ம? உங்க ஓரகத்தி ராஜாமணி அக்கா இருக்காங்க. அவங்க நின்னு தெளிச்சா போதுமே."

"அவளா? அவ ஒரு நாளு தெளிச்சுட்டு பத்து வருசத்துக்குச் சொல்லிக் காட்டுவா. நானும் நிக்க முடியாது. புருசன் போனவ வாசல்ல நின்னு வரவேத்தான்னு மொத பேச்சே அதுவா இருக்கும். எம்பொண்ணு கல்யாணத்துல ஒரு சொல்லு வரக்கூடாது தம்பி, அவ்வளவுதான் எனக்கு. பொம்மைய யாரு என்னா சொல்லப் போறாங்க? அதுக்குப் புருசனே கெடையாதே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "செஞ்சுடலாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். சர்வோ என்றால் என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

2. மூன்று வயர்

சர்வோ என்பது தீப்பெட்டி அளவிலிருந்து சோப்புக்கட்டி அளவு வரை இருக்கும் சின்ன மோட்டார். ஃபேன் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்காது. எத்தனை டிகிரி என்று சொன்னால் அங்கே போய் நிற்கும். மூன்று வயர் வரும். சிவப்பு பிளஸ், பிரவுன் மைனஸ், ஆரஞ்சு சிக்னல். போர்டிலிருந்து அந்த சிக்னல் நொடிக்கு ஐம்பது தடவை போகும். ஒவ்வொரு தடவையும் சிக்னல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்து மோட்டார் தன் கோணத்தைத் தெரிந்துகொள்ளும். சிக்னல் குறுகினால் ஒரு கோடி, நீண்டால் இன்னொரு கோடி.

துணிக்கடை ஒன்றில் வலது கை உடைந்த பொம்மையைத் தூக்கிப் போட வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். பி.வி.சி. பைப்பில் கை செய்து, தோளில் சர்வோவை வைத்து, 'நூறு டிகிரிக்குப் போ' என்று புரோகிராம் கொடுத்தேன். அது ஒரே மூச்சில் போனது. போகிற வழியில் என் மூக்கு இருந்தது.

சர்வோவுக்குப் பதமாகப் போகத் தெரியாது. நாம்தான் ஒவ்வொரு டிகிரியாகச் சொல்லி, நடுவே கொஞ்சம் கொஞ்சம் காத்திருக்கச் சொல்ல வேண்டும். அதை எழுதினேன். பன்னீர்ச் சொம்பை மாட்டினேன். உள்ளே கரகரவென்று சத்தம். பிளாஸ்டிக் பல் சக்கரம் போய்விட்டது. நிறைந்த சொம்பு பிடித்த நீட்டிய கை என்றால் மோட்டாருக்கு என்ன பாரம் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்து மெட்டல் பல் உள்ள பெரிய சர்வோ வரவழைத்தேன்.

பெரிய சர்வோவுக்கு போர்டு கொடுக்கும் கரண்ட் போதவில்லை. கை பாதி தூக்கும்போது போர்டு அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சரி என்று பிக்சல் லைட்டுக்கு வைத்திருந்த ஐந்து வோல்ட் பவர் சப்ளையை சர்வோவுக்குத் தனியாகக் கொடுத்தேன். இப்போது கை காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கியது.

பொம்மைக்குக் கட்ட உங்கள் அம்மா பட்டுப்புடவையோடு வந்தார். "என்னாங்க, பொம்மைக்கு மலேரியாவா? இதக் கொண்டுபோயி வாசல்ல வெச்சா வர்றவங்க திரும்பி ஓடிருவாங்க."

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் கோளாறு ஒரு சாண் வயரில் இருந்தது. போர்டின் மைனஸையும் சப்ளையின் மைனஸையும் நான் சேர்க்கவில்லை. சிக்னல் எவ்வளவு உயரம் என்று அளக்க போர்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே தரை வேண்டும். தரை வேறு வேறாக இருந்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது. ஒரு வயர் போட்டேன். நடுக்கம் நின்றது.

கை ஆடியதே தவிர பன்னீர் தெளிக்கவில்லை, வடிந்தது. பச்சையம்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, செடிக்குத் தண்ணி ஊத்துறியா?" என்றார். சொம்பைப் பிடுங்கி, மணிக்கட்டை மூன்று தடவை சுண்டிக் காட்டினார். சொட்டுச் சொட்டாக என் சட்டையில் பூவாட்டம் விழுந்தது. நான் அதை செல்போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து டிகிரி எழுதினேன். மெதுவாக அறுபதுக்குப் போ. அங்கிருந்து வேகமாக எழுபத்தைந்து, மறுபடி அறுபது. மூன்று முறை. பிறகு மெதுவாகக் கீழே இறங்கு.

பொம்மை தெளித்தது. அக்கா கை தட்டினார்.

3. மாப்பிள்ளை அழைப்பு

மண்டப வாசலில் பொம்மை நின்றது. தூணோரம் நான் சுவிட்சோடு உட்கார்ந்திருந்தேன். ஆள் வந்ததும் அழுத்துவேன். முதல் ஐம்பது அறுபது பேருக்கு ஒரு குறையும் இல்லை. கூட நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பொம்மையிடம், "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டார்.

ராஜாமணி அக்கா மட்டும் நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். "நாங்கல்லாம் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறோம். பொம்மையக் கூட்டியாந்து நிக்க வெச்சிருக்கா."

பச்சையம்மா அக்கா உள் வாசலுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் தெரு முனையில் வந்துவிட்டார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன், வெள்ளை வேட்டி சட்டை, பெரிய மீசை. அவர் படியில் கால் வைத்ததும் கரண்ட் போனது. சில நொடியில் ஜெனரேட்டர் வந்தது.

நான் இதை யோசித்திருக்கவில்லை. கரண்ட் வந்ததும் போர்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் வேறு கோணம் சொல்லாததால் அது சர்வோவை நேரே தொண்ணூறு டிகிரிக்கு, முழு வேகத்தில் போகச் சொன்னது. சொம்பின் மூடி பறந்தது. பன்னீர் மொத்தமும் தாய்மாமன் நெஞ்சில் போய் விழுந்தது. கை தோளிலிருந்து கழன்று தொங்க, சொம்பு உருண்டு ஓடியது.

மேளம் நின்றது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று ராஜாமணி அக்கா எழுந்தார். "ராஜாமணி, நீயாச்சும் வந்து தெளி" என்று யாரோ சொன்னதற்கு, "பொம்மைய வெச்சாங்கல்ல, பொம்மையே தெளிக்கட்டும்" என்று திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

நான் பொம்மையின் தோளைப் பார்த்தேன். பெரிய கோளாறு இல்லை. மோட்டார் தண்டில் மாட்டும் துண்டை 'ஹார்ன்' என்போம். அதைப் பிடிக்கும் ஒரே ஒரு ஸ்க்ரூ கழன்றிருந்தது. மண்டியிட்டுக் கம்பளத்தில் தடவினேன், கிடைத்தது. இரண்டு நிமிட வேலை.

நிமிர்ந்தால் பச்சையம்மா அக்கா பக்கத்தில் நிற்கிறார். சொம்பு மிதிபடக் கூடாதென்று ஓடி வந்து எடுத்தவர். மூடியைத் தேடி மாட்டி, பொம்மை பக்கத்துக் கூடையிலிருந்த பாட்டிலிலிருந்து மறுபடி பன்னீர் நிரப்பிக் கையில் வைத்திருந்தார்.

தாய்மாமன் சட்டையை உதறிக்கொண்டே, "ஏனுங்க சம்பந்திம்மா, கையில வெச்சுகிட்டே நின்னா எப்படிங்க? சட்டையெல்லாம் குளிச்சாச்சு, மூஞ்சி மட்டும் காஞ்சு கெடக்குது. தெளிங்க, உள்ள போலாம்" என்றார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, இன்று வரை எனக்குத் தெரியாது.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, ரெடியாயிடுமா?"

ஸ்க்ரூ என் உள்ளங்கையில் இருந்தது. நான் கையை மூடிக்கொண்டேன்.

"இல்லீங்கக்கா. இது இன்னிக்கு ஆவாதுங்க."

அக்கா ஒரு மூச்சு இழுத்தார். மணிக்கட்டைச் சுண்டினார். தாய்மாமன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அடுத்து மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, சித்தப்பன் பெரியப்பன் எல்லோரும் வரிசையாகக் குனிந்தார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது. ராஜாமணி அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் முகத்திலும் நாலு சொட்டு விழுந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், வருகிறவர்களுக்கு வழிவிட்டு நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார்.

மறுவாரம் தோட்டத்துக்குப் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லாதே என்று உங்களுக்குச் சொல்கிறவன் நான், மனசு உறுத்தியது.

"போடா, தெரியும்" என்றார். "நீ கைய மூடுனியே, அப்பவே பாத்துட்டேன்."

4. கற்றுக்கொண்டது

சர்வோ வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள். மைனஸ் இரண்டையும் சேருங்கள். கரண்ட் வந்த உடனே கை எங்கே இருக்க வேண்டும் என்பதை மோட்டாரை இணைப்பதற்கு முன்னாலேயே புரோகிராமில் எழுதுங்கள். ஹார்ன் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு இன்னொரு முறை இறுக்குங்கள். மூக்கைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று புரோகிராமில் வராது. இப்போது பொம்மை கேட்டு பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கூட வருகிறார்கள். மண்டபம் எது, ஜெனரேட்டர் உண்டா என்றெல்லாம் கேட்பேன். எல்லாவற்றுக்கும் முன்னால், "பொம்ம இல்லாட்டி அந்த எடத்துல யாருங்க நிப்பாங்க?" என்று கேட்பேன்.

"யாருமில்லீங்க, சும்மா ஒரு ஷோவுக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்கு அப்போதே தேதி குறித்துக்கொடுத்து அனுப்பிவிடுவேன். சிலர் தரையைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடைக்கு இரண்டு டீ சொல்லுவேன்.