மூன்றாவது தடவை ஜெயித்த கவர்னரும் எங்கள் கடைசித் தறியும்

எம்.ஏ. வரலாறு படித்தபோது செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மற்றவர்களுக்கு அடிமை முறை, உள்நாட்டுப் போர் என்று தியேட்டரில் ஓடக்கூடிய சரக்காக விழுந்தது. எனக்கு விழுந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு அமெரிக்க மாநிலத்தின் கவர்னர். அந்த மாநிலத்துக்காரனே மறந்துபோன ஆசாமி. படத்தில் தாடி மட்டும் இருந்தது. ஆள் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தார்.

வீட்டில் சத்தம் போட்டு வாசித்துப் பழகினேன். முன்னறையில் விசைத்தறி ஓடினால் நான் கத்துவது எனக்கே கேட்காது. அதனால் கரண்டு போனால்தான் கவர்னர் வருவார்.

ஒரு காலத்தில் எங்களிடம் மூன்று தறி இருந்தது. அப்பா சங்கரன்கோவில் நகராட்சியில் வார்டு கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றார். பின்னால் வந்தது ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். அத்தனை பேரும் பிரியாணிக்கு வந்தவர்கள் என்று பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. தேர்தல் கடனுக்கு ஒரு தறி போனது. அடுத்த தேர்தலில் சின்னம் மாறியது, முடிவு மாறவில்லை. இன்னொரு தறியும் போனது. மிச்சம் இருந்த ஒற்றைத் தறியில்தான் குடும்பமே ஓடியது. அப்போது பார்த்து மறுபடி தேர்தல் என்று பேச்சு. அப்பா தலைக்கு டை அடித்துக்கொண்டார். அம்மா தறியைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கும் கரண்டு போனது. வாசித்தேன். கவர்னர் தோல் பதனிடுபவரின் மகன், வக்கீலுக்குப் படித்தார், சட்டசபைக்கு நின்றார், தோற்றார், கட்சி மாறினார், மறுபடி தோற்றார்.

"ஏலே, நில்லு," என்றார் அப்பா. "கவர்னருன்னா டெல்லிலருந்துல்லா அனுப்புவான்? இவன் எதுக்கு ஓட்டு கேட்டு அலையுதான்?"

"எப்பா, அங்க கவர்னருன்னா நம்ம முதலமைச்சர் மாதிரி. ஜனங்க ஓட்டுப் போடணும்."

"சரி, அப்புறம்?"

"மூணாவது தடவ நின்னாரு. கவர்னரே ஆயிட்டாரு."

சொல்லியிருக்கக் கூடாது. அப்பாவின் முகத்தில் அமெரிக்காவே விடிந்தது. "கேட்டியாட்டி? மூணாவது தடவ!"

அம்மா சோற்றுப் பானையை இறக்கியபடி கேட்டாள். "ஜெயிச்சதுக்கப்புறம் என்ன ஆச்சு? அதையும் வாசி மக்கா."

வாசித்தேன். ரயில்வே முதலாளிகளோடு முறைத்துக்கொண்டார். அடுத்த தேர்தலில் சொந்தக் கட்சியே சீட்டுத் தரவில்லை. இருந்த பண்ணையும் ஏலத்துக்குப் போனது. பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி எழுதியே செத்துப்போனார்.

"அவன் பொண்டாட்டி?"

அத்தனை பக்கத்திலும் அவளுக்கு ஒரே ஒரு வரி. "வீட்ல வெளியாளுங்களத் தங்க வச்சு, சமைச்சுப் போட்டு, குடும்பத்த ஓட்டிருக்கா."

"அமெரிக்காவுலயும் இதே கததானா?" என்றாள் அம்மா. அப்பா தறியைத் துடைக்கப் போய்விட்டார்.

வார்டு பட்டியல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.  மறுநாள் அப்பா போஸ்டர் டிசைனோடு அம்மாவிடம் போனை நீட்டினார். அவர் ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அம்மா மூலையில் பாஸ்போர்ட் சைஸில். வேட்பாளர் யாரென்று அம்மாவுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"நிக்கேன்," என்றாள். "ஆனா போஸ்டரு கெடையாது. தறிய விக்கப்படாது. நான் ஓட்டு கேக்கப் போற நேரம் நீங்க தறி ஓட்டணும்."

"நான் கூட வரலன்னா ஒன்ன யாருக்குட்டி தெரியும்?"

"ஒங்களத் தெரிஞ்சவங்கதான் ரெண்டு தடவயும் போடல."

அம்மா ரேஷன் கடை வரிசையிலும் குழாயடியிலும் ஓட்டுக் கேட்டாள். அப்பா தறி ஓட்டினார். அம்மாவும் தோற்றாள். ஆனால் அப்பா இரண்டு தேர்தலிலும் வாங்கியதைக் கூட்டினாலும் அவள் வாங்கியதற்குக் கிட்டே வராது.

எண்ணி முடித்து வெளியே வந்ததும் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு எலெக்ஷன்ல நமக்கு இதாம்ல நல்ல ரிசல்ட்!"

"நமக்கா?" என்று முறைத்தாள் அம்மா. "வெரசா வாங்க. காலைல போன கரண்டு வந்திருக்கும். தறி சும்மா கெடக்கு."