பருப்பு வேகும் தண்ணீர்

"...குழாயைத் திறங்க, நல்லாத் திறங்க, மாலையும் போட்டுக்கிடுங்க, யாரு வேண்டாங்குதா? ஆனா பருப்பு வெந்து, அதை நான் நசுக்கிப் பாத்த பெறவுதான் அந்த வால்வுல கைய வைக்கணும், ஆமா" என்று என் பெரியம்மை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிக்குள்ளிருந்து ஒரு ‘ஸ்ஸ்’ இரைச்சல், யாரோ கோபத்தில் பல்லைக் கடித்து மூச்சு விடுவதுபோல, விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே நின்றவரை எங்கள் ஊரில் ‘குழாய் ஆபீசர்’ என்போம். அவர் கழுத்தில் அப்போதுதான் விழுந்த மாலை, முகத்தில் வெயில், பக்கத்தில் ஸ்பானரோடு இரண்டு ஆட்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆற்றுத் தண்ணீரைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோகும் பெருங்குழாய் எங்கள் ஊர் எல்லையை ஒட்டியே போயிற்று. எங்களுக்கென்று ஒரு திருகு கூட அதில் வைக்கவில்லை. குழாய்க்குள் அடைபடும் காற்று வெளியேற ஊரோரம் ஒரு வால்வு வைத்து, சுற்றிலும் தொட்டி கட்டி, மேலே கை நுழையும் இடைவெளி விட்டுச் சிமெண்டுப் பலகை போட்டிருந்தார்கள். காற்றோடு கொஞ்சம் தண்ணீரும் கசியும். அந்தக் கசிவைச் சிரட்டையால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் என் வயதுப் பெண்பிள்ளைகளின் காலை வேலை. கரிசலில் கிணறு வெட்டினால் உப்புக் கரிக்கும் தண்ணீர்தான் கிடைக்கும். அது ‘புழங்குத தண்ணி’. துணி துவைக்கலாம், மாட்டுக்கு வைக்கலாம். உலை வைத்தால் பொழுது சாய்ந்தாலும் பருப்பு முழித்துக்கொண்டுதான் கிடக்கும். வால்வில் கசிவது ‘பருப்புத் தண்ணி’. எங்கள் ஊரில் தண்ணீருக்கு வேறு சாதி கிடையாது.

பெரியம்மைக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். மணி அடிக்கும்போது பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிடும். பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு அதுதான் முதல் சோறு. வால்வுத் தண்ணீர் இல்லாவிட்டால் அவள் வைக்கும் சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் ஓடும். ஆகவே, ஊருக்குத் தெருக்குழாய் ஒன்று தருகிறோம், பதிலுக்கு வால்வை இறுக்கி மூடிவிடுவோம் என்று ஆபீசர் வந்து சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

ஊருக்கும்தான் இல்லை. "கேக்காமக் குடுக்காவன்னா என்னத்தையோ எடுக்கப் போறாவன்னு அர்த்தம்" என்றார் டீக்கடை பால்பாண்டி அண்ணாச்சி. அவர் பேச்சைத் தள்ளவும் முடியாது. கரண்டுக் கம்பி எங்கள் தலைக்கு மேலேயே போய் எங்கேயோ ஒரு மில்லில் விளக்கெரித்தது. எங்கள் தெருவில் இருட்டு. ரோடு போடச் சரளை கொண்டுவந்து கொட்டினார்கள். நாங்கள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடி முடிப்பதற்குள் அதே சரளையை அள்ளி லாரியில் ஏற்றி வேறு எங்கோ கொண்டுபோனார்கள். "சரளையும் ஊர் பாக்க வந்துட்டுப் போகுது பாருங்க" என்று அண்ணாச்சி அதற்கும் ஒன்று சொன்னார். எங்களைவிட மோசம் கிழக்கூர்க்காரர்கள். அவர்களுக்குக் கசியும் வால்வுகூடக் கிடையாது. மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து எங்கள் வால்வுக்கு வருவார்கள். கோவில்பட்டியை நாங்கள் எந்தக் கண்ணால் பார்த்தோமோ அதே கண்ணால் எங்களைப் பார்ப்பார்கள். "இவுக குடிச்ச மிச்சந்தான நமக்கு" என்று அவர்களில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

குழாயும் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வால்வுத் தொட்டிக்கு நாலு எட்டில். குழி தோண்டும்போதே ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: ஆற்றுத் தண்ணீர் இதில் வராது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற உப்பு போர்வெல்லைத்தான் ரகசியமாகக் கோர்த்திருக்கிறார்கள் என்று. யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

திறப்பு நாளில் ஆபீசர் குழாயைத் திருகியதும் தண்ணீர் பீறிட்டது. ஒருவரும் கை தட்டவில்லை. பெரியம்மை ஒரு வாளி பிடித்தாள். வாயில் வைத்துப் பார்க்கக்கூட இல்லை. "நாக்கை ஏமாத்திரலாம் சார், பருப்பை ஏமாத்த ஏலாது" என்றாள். வால்வுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே மூன்று கல்லைக் கூட்டிக் காய்ந்த பருத்திச்செடி மாரைக் கொளுத்தி உலை வைத்துவிட்டாள்.

"ஏம்மா, எனக்கு இன்னும் ரெண்டு ஊர் போகணும்" என்றார் ஆபீசர்.

"அங்கயும் பருப்பு வச்சிருப்பாவ சார், பசியோட போகண்டாம்" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு கிளம்பியது. பாவம், ஆபீசரும் சிரித்தார். வேப்பமர நிழலில் அவருக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள். மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்க அடுப்பைச் சுற்றி நின்றது. என்னை, "ஏட்டி, மாரை உள்ள தள்ளு" என்று பெரியம்மை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

கொதித்தது. நுரை கட்டியது. பெரியம்மை அகப்பையில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலால் நசுக்கினாள். பருப்பு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நல்ல தண்ணீர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டிய கூட்டம், தேரை நிறுத்தி வைத்ததுபோல் நின்றது.

"வெந்துட்டுல்லா? இப்பவாவது நம்புவீங்களா?" என்று எழுந்து வந்தார் ஆபீசர்.

அதற்குப் பிந்திய கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாயில் மறுநாளும் பருப்பு வேகும் தண்ணீர்தான் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ஊர் மெல்ல மெல்ல நம்பியது. நம்பிய பிறகு ஒருநாள் ஆட்கள் வந்து வால்வை இறுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் குழாய் நூலாக ஒழுகியது, அதற்கடுத்த கோடையில் காற்று மட்டும் வந்தது. டவுனுக்கே போதவில்லை என்றார்கள். இருக்கலாம். இன்று அந்தத் தொட்டி இல்லை, இரைச்சல் இல்லை, சிரட்டையோடு குனியும் பிள்ளைகளும் இல்லை. வேனில் வந்து இறங்கும் கேன் தண்ணீரில் என் ஊரில் பருப்பு வேகிறது. நான் இப்போது கோவில்பட்டியில், அந்தக் குழாய் வந்து சேர்ந்த ஊரிலேயே குடியிருக்கிறேன். என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் நாளில், வழியில் எந்த ஊரில் இன்று வரவில்லையோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

அன்றைக்கு ஆபீசர் அப்படிக் கேட்டதும் பெரியம்மை அகப்பையைச் சட்டிக்குள் விட்டாள். பிறகு, "இன்னைக்கு வெந்துட்டு சார். இன்னைக்கு நீங்க நிக்கிய, மாலை கிடக்கு, ஊரு கூடியிருக்கு. இத்தனை பேரு நிக்கையில வேகாமலா போகும்?" என்றாள். ஸ்பானர்காரர்கள் ஆபீசர் முகத்தைப் பார்த்தார்கள். பெரியம்மை பருப்பைக் கடைந்து, உப்புப் போட்டு, பள்ளிக்கூடத்துச் சோற்றில் ஊற்றி அவருக்கு ஒரு தட்டும் அவர்களுக்கு இரண்டு தட்டும் வைத்தாள். பிறகு, மறுநாள் உலைக்கு வேண்டிய பருப்பைச் சுளகில் அள்ளிக்கொண்டு போய், வால்வுத் தொட்டியின் பலகைமேல் காலை மடக்கி உட்கார்ந்து, கல் பொறுக்க ஆரம்பித்தாள்.