நோய்மடத்துச் சுவரில் பதினொரு ஓட்டைகள்

என் உத்தியோக காலத்தில், நானே பூசச் சொன்ன சாந்தை நானே பெயர்க்கச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அது பருத்தித்துறைப் பக்கத்து நோய்மடத்தில்.

அரசர் காலத்துக் கட்டடம் அது. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களும் நாதியற்ற ஏழைகளும் நோயென்று வந்தால் படுக்கவைத்து மருந்து கொடுத்த இடம். தெற்குச் சுவரோரமாகப் பதினொரு கல்மேடைகள். அவைதான் நோயாளரின் கட்டில்கள். அந்தச் சுவரைத் திருத்தும் வேலைக்கு நான் ரெக்னிக்கல் ஒஃபீசர்.

ஒவ்வொரு மேடையின் தலைமாட்டிலும், ஒரு சாண் உயரத்தில், சுவரை ஊடுருவி ஒரு ஓட்டை இருந்தது. சுவர் எழுப்பும்போது சாரமரம் செருகிய ஓட்டைகள் என்று நினைத்து, அடைப்பதாக எஸ்டிமேற்றில் எழுதிவிட்டேன்.

மேசன் சின்னராசா அண்ணை தலையைச் சொறிந்தார். "சாரத்துக்கெண்டா இவ்வளவு கீழை ஏன் பிள்ளை?"

"பாம்பு பூந்திடும் அண்ணை. அடையுங்கோ."

படித்த திமிர், வேறென்ன!

அன்று எட்டை அடைத்தார். மறுநாள் வைகாசி வெயில். தலையிடி தாங்காமல் மத்தியானம் கடைசி மேடையில் சரிந்தேன். அங்கே ஓட்டை இன்னும் திறந்தே இருந்தது. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று குளுகுளுவென்று முகத்தில் பட்டது. எழுந்து உட்கார்ந்தேன், காற்றில்லை. அடைத்த மேடையில் போய்ப் படுத்தேன், வேர்த்துக் கொட்டியது. கட்டினவன், படுத்திருக்கிற நோயாளியை நினைத்தல்லவா கட்டியிருக்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுண்ணாம்புச் சாந்து இறுகமுதல் பெயர்த்தாக வேண்டும். எஸ்டிமேற்றை மாற்ற எஞ்சினியரின் அனுமதி வேண்டும். ஆளனுப்பினேன், அன்று பின்னேரமே வந்தார்.

"அடைக்கவெண்டு எழுதினது நீர்தானே?"

"ஓம் சேர். நான்தான் பிழை விட்டனான். இதிலை ஒருக்காப் படுத்துப் பாருங்கோ."

போட்டிருந்த வெள்ளைச் சேட்டோடு மனிதர் படுத்தேவிட்டார். ஓட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எல்லாத்தையும் திறவுங்கோ" என்றார், எழும்பாமலே.

"நான் முதலே கேட்டனான்" என்று சின்னராசா அண்ணை உளியை எடுத்தார். கேட்டவர்தான். பதினொன்றும் இன்று திறந்திருப்பதில் எனக்குள்ள பெருமையில் பாதி அவருடையது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, அளவுநாடாவைப் பிடிக்கமுதல், அந்த இடத்தில் சனம் எப்படி இருந்ததோ அப்படி நீங்களும் ஒருக்கால் இருந்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு போன வைகாசியில் அங்கே போனேன். கதிர்காம யாத்திரைக்கு வந்த அம்மா ஒருவர், கால் கொப்பளித்து, ஒரு மேடையில் படுத்திருந்தார்.

"நல்ல காத்து பிள்ளை. ஆர் கட்டினது?"

"கட்டினது ஆரெண்டு தெரியாதம்மா. அடைச்சதும் திறந்ததும் நான்தான்."

அவர் காதில் விழவில்லை. நித்திரையாகிவிட்டார்.