இடமில்லை என்று சொன்னவள்

பினாங்கில் பிள்ளைகள் பரீட்சை எழுதுவதில்லை, சோதனை எழுதுகிறார்கள். வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. சுங்கை பினாங்கில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன முதல் நாள், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், அடுத்த வாரம் எனக்கு சோதனை. வர முடியாது" என்றாள். நான் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டு, "எல்லாம் சரியாயிடும்மா. வீட்டுல என்ன பிரச்சினை?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வீட்டுல ஒன்னும் இல்ல டீச்சர். சாயின்ஸ் சோதனைலா." பின்னால் இருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் பெயர் லோகேஸ்வரி. எல்லோருக்கும் லோகா.

நான் கோவில்பட்டிக்காரி. அங்கே ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். கணவருக்கு இங்கே பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்ததும் மகன் அகிலனைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். எனக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு பதினேழாவது மாடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு முடியும்? அதனால்தான் மண்டபத்து வகுப்பு. சம்பளமில்லாத சேவை என்று ஊரில் உள்ளவர்களிடம் போனில் சொல்லும்போது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதை எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

இங்கே மூன்றாம் படிவம் என்பது நம் ஒன்பதாம் வகுப்பு மாதிரி. அது முடியும்போது நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்கள் என்று நிரப்ப ஒரு விண்ணப்பப் பாரம் கொடுக்கிறார்கள். பாடங்களைக் கட்டுக்கட்டாக வைத்து 'பகேஜ்' என்கிறார்கள். அறிவியலும் கூடுதல் கணிதமும் ஒரு கட்டு, வணிகமும் ஓவியமும் ஒரு கட்டு, இப்படி. நம் ஊர் ஃபர்ஸ்ட் குரூப், தேர்டு குரூப் விவகாரம்தான். மண்டபத்துப் பிள்ளைகள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். யார் எதில் கெட்டி, யாருக்கு எது வராது என்று உட்கார்ந்து பேசினோம். லோகா யோசிக்கவே இல்லை. அறிவியல் கட்டில் டிக் போட்டிருந்தாள்.

"ஏன் இது?" என்றேன்.

"அம்மா வேலை செய்ற லைன்ல மெஷின் நின்னுச்சுனா ஒருத்தர் வருவாராம் டீச்சர். அவரு வந்து பாக்குற வரைக்கும் எல்லாரும் கைய கட்டிட்டு நிக்கணுமாம். நான் அவரா ஆகணும்."

அவள் அம்மா கஸ்தூரி, கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டர். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்வருகிறாள். லோகாவுக்குக் கணக்கில் எழுபத்தொன்று, அறிவியலில் அறுபத்து நான்கு. பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கணக்கு வரவில்லையென்றால் அதை விட்டு எழுந்திருக்க மாட்டாள். மற்ற பிள்ளைகள் வாசலில் செருப்பு மாட்டும்போதும் இவள் அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பாள்.

அதே வாரம் அகிலனின் பள்ளியிலும் இதே வேலைக்காக எங்களைக் கூப்பிட்டார்கள். அது சர்வதேசப் பள்ளி. கணவரின் கம்பெனி சேர்த்துவிட்டது. காப்பி கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என் மகனைப் பற்றி மட்டும் பேசினார். அவனுக்குக் கணக்கில் ஐம்பத்தெட்டு. அது குறைவு என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவன் இன்னும் தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறானாம். இயற்பியல் வேண்டுமென்றால் தாராளமாக எடுக்கலாமாம், பள்ளி துணை நிற்குமாம். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். வெளியே வரும்போது மனசு குளிர்ந்திருந்தது. அப்படிக் குளிர்ந்ததை இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

லோகாவின் பாரம் திரும்பி வந்தபோது அவள் போட்ட டிக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. வணிகமும் ஓவியமும் உள்ள கட்டுக்கு எதிரே வேறு மையில் ஒரு டிக் இருந்தது. கஸ்தூரி எனக்கு போன் செய்தாள். "அக்கா, ஸ்கூலுக்கு வர்றீங்களா? எனக்கு அங்கலாம் பேச வராது." அரை நாள் லீவு போட்டு, தொழிற்சாலைச் சட்டையோடும் கழுத்தில் தொங்கிய அட்டையோடும் நேராக வந்திருந்தாள். லோகாவும் கூட இருந்தாள். நான் நல்ல புடவையில் போயிருந்தேன். சண்டைக்குப் போகிறோம் என்ற சந்தோஷம்கூட எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆசிரியை தமிழ்ப் பெண்தான். என் வயது இருக்கும். முதலில் மலாயில் பேசினார். கஸ்தூரி உட்காரத் தயங்கியதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சாயின்ஸ் பகேஜ் பெனோ, மேடம். நிறைஞ்சிடுச்சு. பிஸ்னெஸ் எடுக்கட்டும், அவளுக்கும் ஈசியா இருக்கும்லா."

சொன்னபோது மேசையில் இருந்த பெயர்ப்பட்டியலின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்சம் தாமதமாக வைத்தார். தாளைத் தலைகீழாகப் படிப்பது ஆசிரியர்களுக்குக் கைவந்த கலை. முப்பத்தைந்து வரிசை. இருபத்தேழு பெயர். மிச்சம் எட்டும் வெறும் கோடு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தக் கையை எனக்குத் தெரியும். அந்தக் குரலையும் தெரியும். 'நிறைஞ்சிடுச்சு' என்று சொல்லும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

கோவில்பட்டியில் மே மாதம் ப்ளஸ் ஒன் சேர்க்கை மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். பஸ் ஸ்டாண்டில் பள்ளியின் பேனர் வைக்க வேண்டும், அதில் நூறு சதவீதம் என்று போட வேண்டும். அதற்காக ஃபர்ஸ்ட் குரூப்பில் யாரை விடக்கூடாது என்று தாளாளர் காலையிலேயே சொல்லிவிடுவார். மதிப்பெண் ஒரு காரணம்தான். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, எல்லாம் பார்ப்போம். ஒருநாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர் மகளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கணக்கில் எண்பத்து மூன்று. பெயர் மறந்துவிட்டது, மதிப்பெண் மறக்கவில்லை. பட்டியலைக் கையால் மூடிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் குரூப் நிரம்பிடுச்சுங்களே" என்றேன். அவர், "சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மத்தியானம் நான் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னால் சகிக்க முடியாதது.

"எட்டு இடம் இருக்கே, டீச்சர்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பட்டியலைக் கோப்புக்குள் செருகினார். "மேடம், நீங்க இந்தியாவுலேருந்து வந்திருக்கீங்க, ரெண்டு வருஷத்துல போயிடுவீங்க. போன வருஷம் நம்ப தமிழ்ப் பிள்ளைங்க நாலு பேர நான்தான் சண்ட போட்டு சாயின்ஸ்ல போட்டேன். நாலு பேரும் கூடுதல் கணிதத்துல விழுந்துட்டாங்க. ஒரு பொண்ணு ஸ்கூலுக்கே வரல. பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டு ஏன் போட்டேன்னு கேட்டாரு. பெத்தவங்களும் என்னைத்தான் ஏசினாங்க. இனிமே எதுக்கு எனக்கு?" பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீங்களும் டீச்சர்தானே? உங்க ஊர்ல கேட்ட பிள்ளைங்க எல்லாரையும் போட்டுட்டீங்களா?"

"போட்டோம்" என்றேன்.

ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னேன். லோகா என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைத் தாங்க முடியாமல் மேசையில் கிடந்த பிளாஸ்டிக் பூவைப் பார்த்தேன். அதற்குள் கஸ்தூரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "பரவால்ல டீச்சர். டைம் குடுத்ததுக்கு நன்றி." அந்த நன்றியைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். முரட்டுத்தனமாகத்தான் பிடித்திருப்பேன், பிறகு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆலோசக ஆசிரியையிடம், வாரம் மூன்று நாள் நானே லோகாவுக்குக் கூடுதல் கணிதம் சொல்லித்தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அரையாண்டு வரைக்கும் விடுகிறேன், நாற்பதுக்குக் கீழே போனால் மாற்றிவிடுவேன், பெற்றோர் கடிதம் வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் கஸ்தூரி என்மேல் பாய்ந்தாள். "ஏன்க்கா அப்படிப் பேசுனீங்க? நாளைக்கு நீங்க போயிடுவீங்க. இவ இங்கதானே இருக்கணும்?" கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோனேன். அவள் அதைப் படித்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள், வேறு தாளை எடுத்து மலாயில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். எட்டே வரி. எனக்கு அரைகுறையாகப் புரிந்த வரையில் அதில் கெஞ்சல் இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு அஞ்சாம் படிவம் எஸ்.பி.எம். சோதனைல மலாய் ஏ-க்கா. மூனாம் படிவத்துல நானும் சாயின்ஸ்தான் கேட்டேன். பெனோன்னாங்க. நானும் அப்ப நெசமாவே பெனோன்னு நெனச்சிட்டேன்." அவளுக்கு எழுதவே வராது என்று நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோனவள் நான். ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

லோகா இப்போது நான்காம் படிவம். வாரத்தில் மூன்று சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் அகிலனும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து படிக்கிறார்கள். கூடுதல் கணிதம் முதல் சோதனையில் முப்பத்தெட்டு வாங்கினாள். அதற்கு அடுத்ததில் நாற்பத்தாறு. அரையாண்டு இன்னும் வரவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அகிலன் அவன் பள்ளிக் கணக்குச் சோதனையில் நாற்பத்தொன்று வாங்கினான். அவன் பள்ளியிலிருந்து ஊக்கப்படுத்தி ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு நாள் லோகா தலையைத் தூக்காமலே, "உங்க ஊர் ஸ்கூல் மாதிரி இங்க இருந்தா நல்லா இருக்கும்ல டீச்சர்" என்றாள். அன்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். தீப்பெட்டி ஆபீஸ்காரரையும் எண்பத்து மூன்றையும் சொன்னேன். அவள் பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தக்கா இப்ப எங்க இருக்காங்க?" தெரியாது என்றேன். அவள் பென்சிலை எடுத்து மறுபடி கணக்கைப் போட ஆரம்பித்தாள். அடுத்த வகுப்புக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஆனால் முன்பு மாதிரி என்னை அண்ணாந்து பார்ப்பதில்லை. அது நியாயம்தான்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், அங்கே எவ்வளவோ பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களும், உள்ளூர்த் தமிழர்களுக்கு விவரம் போதாது என்று மாடியில் உட்கார்ந்து பேசுவதை நிறுத்தலாம். நானும் பேசியிருக்கிறேன்.

போன வாரம் கஸ்தூரி கூப்பிட்டாள். தான் வேலையில் இருக்கும்போது பள்ளியிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிட லோகாவுக்கு இன்னொரு பெரியவர் பெயர் வேண்டுமாம். என் பெயரைக் கொடுக்கட்டுமா என்றாள். பள்ளி அலுவலகத்துக்குச் சேர்ந்தே போனோம். அங்கே கொடுத்த பாரத்தில் உறவு என்ற இடத்தில் அவள் கொஞ்சமும் யோசிக்காமல் 'பெரியம்மா' என்பதற்கான மலாய்ச் சொல்லை எழுதினாள். அடுத்தது அடையாள அட்டை எண். அதற்குப் பன்னிரண்டு கட்டங்கள். என்னிடம் அட்டை கிடையாது, பாஸ்போர்ட்தான். அதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்லச் சொல்ல அவள் நிரப்பிக்கொண்டே வந்தாள். எட்டோடு முடிந்துவிட்டது. மிச்சம் நான்கு கட்டங்கள். கிளார்க் பெண் எட்டிப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"காலியா விடக்கூடாதாம்க்கா" என்றாள் கஸ்தூரி. பேனாவைக் கட்டத்தின் மேலே பிடித்தபடி, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள்.