தண்ணீரைப் படம் பிடிக்கும் கருவியும் பரமேஸ் அக்காவும்

செவ்வாய்க்கிழமை காலை மருதனார்மடம் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் எக்ஸ்ரே பகுதி ஊழியர் ஒருவர் வந்து, "பரமேஸ் அக்கா விடிய மோசம் போயிட்டா, மிஸ்" என்றார். அவர் இறந்த செய்திக்கு, அழுகைக்கு முன்னர் எனக்கு அருவருப்புத்தான் வந்தது.

உடுவிலைச் சேர்ந்த திருமதி பரமேஸ்வரி அவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் மூத்த ரேடியோகிராபர். எண்பத்து மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் எடுத்த முதல் நெஞ்சுப் படத்தைப் பார்த்து, "மூச்சை அடக்கச் சொன்னனீரோ? ஆள் விட்டிட்டுது. திருப்பி எடும்" என்றார். போரால் பிலிம் கிடைக்காத பிற்காலத்தில் அவர் ஒரு படத்தையும் பழுதாக்கியதில்லை.

கடந்த மாரியில் அவரது இடது கையிலிருந்து பிலிம்கள் வழுக்கி விழத் தொடங்கின. ஓயாத தலையிடி. மூளையில் கட்டியாக இருக்கலாம், இந்தியாவுக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார் டொக்டர். குடாநாட்டை விட்டு வெளியேற, அதை ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும்.

பாஸ் கந்தோருக்கு நான்தான் கூட்டிப்போனேன். மேசையில் இருந்தவர், எக்ஸ்ரே போதாதா, அது என்ன கருவி என்று கேட்டார். அக்கா பொறுமையாக விளக்கினார். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் குட்டிக் காந்தங்கள் போன்றவை. பெரிய காந்தத்துக்குள் ஆளைக் கிடத்தினால் அவற்றில் சற்றுக் கூடுதலானவை அதன் திசைக்குத் திரும்பும். ரேடியோ அலையால் தட்டினால் சரியும். அலையை நிறுத்தியதும், பழைய நிலைக்கு மீண்டபடியே மெல்லிய சமிக்ஞை தரும். நல்ல இழையம் மீள ஒரு நேரம், கட்டி மீள வேறு நேரம். அந்த வித்தியாசம்தான் படமாகிறது.

மேசையில் இருந்தவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல்லவைத்து, தேநீர் குடித்தபடி ரசித்தார். பிறகு, "எல்லாம் நீங்களே விளங்கி வைச்சிருக்கிறியள். பிறகேன் அங்கை? அடுத்த கிழமை வாங்கோ" என்றார்.

வெளியே வந்து அக்கா வேலியோரம் சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

செவ்வாய்க்கிழமை சந்தியில் எனக்கு அருவருப்பு வந்தது அந்த மேசைகளை நினைத்துத்தான்.

அப்படி ஏழு 'அடுத்த கிழமை' போயின. எட்டாவது கிழமை அவரால் எழும்ப முடியவில்லை.

செத்தவீட்டுக்கு அதே கந்தோரிலிருந்து மலர்வளையம் வந்தது. 'அறிவுச் சுடர்' என்று எழுதியிருந்தார்கள். அதிகம் கதைக்காத அவருடைய கணவர், "உதைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ" என்றார். நானே போட்டேன்.

பாடை ஒழுங்கை முகப்புக்கு வந்தபோது பிக்கப் வாகனமொன்று வேகம் குறைக்காமல் கடந்துபோனது. காவியவர்கள் மதிலோரம் ஒதுங்கி நின்றார்கள். செம்புழுதி அக்காவின் முகத்தில் படிந்தது. பெண்கள் சுடலைவரை போவதில்லை, ஒழுங்கை முகப்போடு நின்றுவிடுவார்கள். நான் போனேன். இமை, மூக்கு, உதடு எல்லாவற்றையும் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

"போயிட்டு வாங்கோ அக்கா. இனி ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."