உலைக்கு எதிரே ஒரு பனிமலை

வெந்துகொண்டிருப்பவனுக்குப் பனிமலைப் படத்தைக் காட்டினால் குளிரும் என்று நம்பிய முட்டாள் நான்தான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையில் தொழிலாளர் நல அதிகாரி. மே மாதம் உலையடி ஆட்கள் பெரிய மின்விசிறி கேட்டார்கள். "செலவில்லாம ஏதாச்சும் பண்ணுங்க" என்றார் மேலாளர். துருவப் பயணப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியவன் நான். அண்டார்டிகாவின் கரும்பாறைச் சிகரம் ஒன்றைப் பத்தடி ஃப்ளெக்ஸில் அடித்து உலைக்கு எதிரே மாட்டினேன். அங்குள்ள குளிரைப் பற்றிப் பத்து நிமிடம் உரையும் ஆற்றினேன். வியர்வை வழிய நின்று கேட்டார்கள்.

மூன்றாம் நாள் உலையடி ஆட்களில் ஒருவரான ஏழுமலை வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சர் கிடையாது. கூட வேலை செய்த தேவராஜ் ஃப்ளெக்ஸை அறுத்து இறக்கி, அதில் அவரைக் கிடத்தினார்.

"இன்னா சார் பாத்துக்கினு நிக்கிற? ஒரு முனையப் புடி."

பிடித்தேன். சிகரத்தின் மேல் நினைவில்லாமல் கிடந்தவரை வண்டியில் ஏற்றிவிட்டு, நேரே மேலாளரிடம் போனேன்.

"இந்த ரூம் ஏசியைக் கழற்றிட்டு அந்தப் படத்தை மாட்டட்டுமா சார்?" என்று கத்தினேன்.

மறுநாளே விசிறிகள் வந்தன. மூன்று நாள் முன்பே கத்தியிருக்கலாம். அப்போது நான் உரையாற்றிக்கொண்டிருந்தேன்.

ஏழுமலை பிழைத்து வந்தார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஃப்ளெக்ஸைக் கூரைமேல் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடு சார். மழைக்கு ஒழுவல. ஆனா நீ சொன்ன குளிருதான் ஊட்டுக்குள்ள இன்னும் வரல."